சின்ன ஆபரேஷன்தானே?

தோல் அறுவையில் ஆகச் சுலபமான வேலை வெட்டுவதுதான். பன்றிக் காலை வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாள் வெட்டித் தைத்துப் பழகினால் நீள்வட்ட வெட்டும் தையல் முடிச்சும் யாருக்கும் கைவந்துவிடும். அப்படிப் பழகி வராதவை இரண்டு. எதில் கத்தி வைக்கக் கூடாது என்று நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்துகொள்வது ஒன்று. எடுத்த சதை எங்கே போனது, என்ன முடிவு வந்தது என்று விடாமல் துரத்துவது இன்னொன்று. குடும்ப மருத்துவர் செய்யும் சிறு அறுவையில் ஏதாவது கெட்டால், அநேகமாக இந்த இரண்டு முனைகளில் ஒன்றில்தான் கெடுகிறது. நடுவில் கத்தி பிடித்த பதினைந்து நிமிடம் ஒழுங்காகத்தான் போயிருக்கும்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் 568 நோயாளிகளைக் குடும்ப மருத்துவரிடம் பாதி, மருத்துவமனைக்குப் பாதி என்று பிரித்துச் சிறு அறுவை செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. நோயாளிகளுக்குப் பிடித்திருந்தது குடும்ப மருத்துவரின் அறைதான். அறுவையின் நேர்த்தியில் மருத்துவமனை முன்னால் நின்றது, ஆனால் பெரிய இடைவெளி இல்லை. குடும்ப மருத்துவர்கள் சறுக்கியது வேறிடத்தில்: புற்றுக் கட்டியைப் பார்த்து, இது புற்றாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவதில். கை தேறிவிட்டது, கண்தான் தேறவேண்டும் என்று அதற்குப் பொருள்.

ஆகவே கண்ணிலிருந்து தொடங்கலாம். பாலுண்ணி, மரு, தோல் சிஸ்ட் (பை போன்ற கட்டி), சிறிய கொழுப்புக் கட்டி, சீழ்க்கட்டி, சதைக்குள் வளர்ந்த கால்நகம், தடிப்புக்கும் புண்ணுக்கும் பஞ்ச் பயாப்ஸி (வட்டக் கத்தியால் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது): இவ்வளவும் சாதாரண ஆலோசனை அறையில், நல்ல விளக்கு வெளிச்சத்தில் செய்யக்கூடியவை. நிறமுள்ள எதுவும் இந்தப் பட்டியலில் தானாக வந்து உட்காராது. மச்சம் நிறம் மாறுகிறது, ஓரம் சிதைகிறது, அகலம் கூடுகிறது, காரணமில்லாமல் கசிகிறது என்றால் அதைச் சீவவும் கூடாது, சுடவும் கூடாது, நைட்ரஜனால் உறைய வைக்கவும் கூடாது. மெலனோமா, அதாவது நிறம் தரும் செல்களில் வரும் தோல் புற்று, என்றால் அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு எல்லாமே முடிவாகும். அந்த அளவை 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ முன்வைத்தார். இன்றும் அதுதான் கணக்கு. மேலாகச் சீவி எடுத்தால் கட்டியின் அடிப்பாகம் தோலிலேயே நின்றுவிடும், ஆழத்தை அளக்க வழியே இருக்காது. சுட்டுவிட்டாலோ, பார்ப்பதற்கே ஒன்றுமிருக்காது. முழுதாக, சுற்றிலும் 2 மி.மீ. நல்ல தோலோடும் அடியில் கொஞ்சம் கொழுப்போடும் எடுக்கவேண்டும். அல்லது எடுக்காமல் அன்றே சிறப்பு மருத்துவரிடம் அனுப்பவேண்டும். இரண்டாவதே நல்லது என்பது என் கட்சி.

கருநிறத் தோலில் இன்னொரு பொறி இருக்கிறது. மெலனோமா அங்கே அரிது. வந்தால் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோ வரும் பங்கு அதிகம். கால் ஆணி என்று மாதக்கணக்கில் செதுக்கப்படுவதும், நகச்சுத்தி என்று மருந்து போடப்படுவதும் இவைதான். நகத்தில் ஒரே ஒரு கருங்கோடு, அது அகலமாகிக்கொண்டே போகிறது, கருமை நகக்கண்ணின் தோலுக்கும் கசிந்திருக்கிறது என்றால் காத்திருக்க ஒன்றுமில்லை. நிறமே இல்லாத, சிவந்த, தொட்டால் ரத்தம் வரும் மெலனோமாவும் உண்டு. அடிபட்ட இடத்தில் குப்பென்று வளரும் சாதாரண ரத்தக் கட்டி போலவே இருக்கும்.

அடுத்து இடம். கட்டி எவ்வளவு சாதுவானாலும் அது உட்கார்ந்திருக்கும் இடம் சாதுவாக இருக்கவேண்டும். காதுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும் உருண்டை சிஸ்ட் போலத் தெரியும், எச்சில் சுரப்பியில் வளர்ந்த கட்டியாக இருக்கும். நெற்றிப்பொட்டில் முகநரம்பின் மேற்கிளை தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. காது மடலின் முன்மேட்டுக்கு அரை செ.மீ. கீழே ஒரு புள்ளி, புருவத்தின் வெளிமுனைக்கு ஒன்றரை செ.மீ. மேலே ஒரு புள்ளி. இரண்டையும் கோட்டால் சேர்த்தால் அதன் பாதை ஏறக்குறைய கிடைக்கும். அறுந்தால் அந்தப் பக்கப் புருவம் தூக்க வராது. கழுத்தின் பக்கவாட்டில், பெரிய தசைக்குப் பின்னால், தோளைத் தூக்கும் நரம்பு கொழுப்புக்குள் மேலாகவே கிடக்கிறது. அங்கே ஒரு நிணநீர்க் கட்டியை எடுக்கப்போய் நோயாளியின் தோள் தொங்கிப்போவது வழக்குமன்றங்களுக்குப் பழகிய கதை. நடுக்கோட்டில் இருப்பவையும் நமக்கானவை அல்ல: மூக்கின் மேல், உச்சந்தலை நடுவில், கீழ்முதுகில் பிறவியிலிருந்தே இருக்கும் கட்டிக்கு மூளையோடோ தண்டுவடத்தோடோ தொடர்பு இருக்கலாம். கொழுப்புக் கட்டி 5 செ.மீ.க்கு மேல் என்றாலும், வேகமாக வளர்ந்தாலும், தசையை இறுக்கச் சொன்னதும் அசையாமல் நின்றாலும், முதலில் ஸ்கேன்.

நடுமார்பு, தோள், மேல்முதுகு, காதுமடல் ஆகியவை தழும்பு தடித்து வளரும் இடங்கள். அங்கே வெட்டு வைக்குமுன் நோயாளியின் பழைய தடுப்பூசித் தழும்பையும் காது குத்திய துளையையும் பார்த்துவிடுங்கள். இரண்டு நொடிதான் ஆகும். அங்கே மேடு கட்டியிருந்தால் அழகுக்காகக் கேட்கும் அறுவையை வேண்டாம் என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். முழங்காலுக்குக் கீழே வெட்டுவதானால் முதலில் பாதத்தில் நாடி பார்க்கவேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த காலில் 1 செ.மீ. வெட்டு மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகும்.

ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரையை நிறுத்தச் சொல்வதுதான் பலருக்கும் முதலில் தோன்றுவது. அது தப்பு. ஆஸ்பிரினை நிறுத்த வேண்டியதில்லை. வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் அளவு) 3.5க்குக் கீழே இருக்கிறதா என்று அண்மைய பரிசோதனையில் பார்த்துக்கொண்டு செய்யலாம். தோலில் கசியும் ரத்தத்தை விரலால் அழுத்தி நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் மூளையில் அடைத்துக்கொள்ளும் ரத்தக்கட்டியை அப்படி நிறுத்த முடியாது.

ஒப்புதல் வாங்கும்போது எல்லாரும் கையெழுத்தைக் கவனிக்கிறார்கள், அளவைச் சொல்வதில்லை. கட்டி 1 செ.மீ. அகலம் என்று வையுங்கள். இருபுறமும் 2 மி.மீ. சேர்த்தால் 14 மி.மீ. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நீள்வட்டம் போட்டால் நீளம் 42 மி.மீ. ஒரு சென்டிமீட்டர் கட்டிக்கு நாலு சென்டிமீட்டருக்கு மேல் தழும்பு! தோலின் மேலேயே பேனாவால் வரைந்து, கண்ணாடியில் காட்டிக் கேட்டால் சிலர் ‘அப்படியே இருக்கட்டும் டாக்டர்’ என்று எழுந்து போய்விடுவார்கள். போகட்டும், அதற்குத்தானே வரைகிறோம். விகிதத்தைக் குறைத்து வெட்டைக் குட்டையாக்கினால் இரு முனையிலும் தோல் கூம்பிக்கொண்டு காது மாதிரி நிற்கும்.

எந்தத் திசையில் வரைவது என்பதற்கு 1861இல் கார்ல் லாங்கர் பிணங்களின் தோலில் உருண்டை ஊசியால் குத்தி, துளைகள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று பார்த்து வரைந்த கோடுகளைப் பாடப்புத்தகங்கள் காட்டும். உயிருள்ள தோலுக்கு அதைவிட நம்பகமானது சுருக்கம்தான். கட்டியைச் சுற்றியுள்ள தோலை இரண்டு விரலால் பல திசைகளில் கிள்ளிப் பாருங்கள். எந்தத் திசையில் சுருக்கம் நேராக, சுலபமாக விழுகிறதோ அதுதான் வெட்டின் நீளவாட்டம். முகத்தில் சிரிக்கச் சொல்லியும் கண்ணை இறுக மூடச் சொல்லியும் பார்க்கலாம். இதெல்லாம் ஊசிக்கு முன். மருந்து ஏறியதும் தோல் வீங்கி, வெளுத்து, கட்டியின் ஓரமே தெரியாமல் போய்விடும்.

மரத்துப்போகும் ஊசியில் வரும் பிசகு பெரும்பாலும் கணக்குப் பிசகு. மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெயின் 1 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 10 மி.கி.; 2 சதவீதம் என்றால் 20 மி.கி. அட்ரினலின் (ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து) சேராத மருந்துக்கு எடையில் கிலோவுக்கு 3 மி.கி. என்பது கட்டுப்பாடான உச்சவரம்பு, 4.5 வரை அனுமதிக்கும் நாடுகளும் உண்டு. அட்ரினலின் சேர்ந்தால் 7. கிலோவுக்கு 3 என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி.: 1 சதவீதத்தில் 18 மி.லி., 2 சதவீதத்தில் 9 மி.லி.தான். 15 கிலோ குழந்தைக்கு 2 சதவீத மருந்தில் இரண்டேகால் மி.லி.யோடு வரம்பு முடிந்தது. ஒரே அறையில் இரண்டு செறிவுகளையும் வைத்திருப்பது வினையை விலைக்கு வாங்குவது. தோல் வேலைக்கு 1 சதவீதம் போதும். உதட்டைச் சுற்றி ஊறல், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்று நோயாளி சொன்னால் ஊசியை நிறுத்துங்கள். அதற்கு அடுத்த படி வலிப்பு. ஒவ்வொரு முறையும் மருந்தைத் தள்ளும் முன் பிஸ்டனைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது இதற்குத்தான்.

எரிச்சலுக்குக் காரணம் மருந்தின் புளிப்பு. 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 1 மி.லி.யை 10 மி.லி. லிக்னோகெயினில் கலந்தால் எரிச்சல் கணிசமாகக் குறைகிறது. கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மரத்துப்போகச் செய்யும் இன்னொரு மருந்தான பூப்பிவகெயினில் கலக்கக் கூடாது, திரிந்து படிந்துவிடும். மருந்துக்குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சற்றுச் சூடேற்றுவதும், மிக மெல்லிய 30 கேஜ் ஊசியும், எல்லாவற்றையும்விட மெதுவாகத் தள்ளுவதும் உதவும். அடுத்த குத்தை ஏற்கெனவே மரத்த இடத்தில் போடுங்கள். வலி போகும், தொடுகையும் இழுப்பும் தெரியும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் நோயாளி பதறமாட்டார். ஊசி போடும்போது அவர் படுத்திருக்கவேண்டும். வாட்டசாட்டமான இளைஞர்கள்தான் அதிகம் மயங்கி விழுகிறார்கள், ஏனென்று கேட்காதீர்கள்.

அட்ரினலின் கலந்த மருந்து இரண்டு நிமிடத்தில் வலியை அடக்கிவிடும். ரத்தக்குழாய்கள் சுருங்க குறைந்தது பத்து நிமிடம் வேண்டும். அதற்குள் வெட்டுகிறவர்கள் அட்ரினலினால் பயனில்லை என்கிறார்கள். விரலில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகும் என்ற பழைய பயம், ரத்த ஓட்டம் நன்றாக உள்ளவரிடம் இன்றைய 1:1,00,000 செறிவுக்குப் பொருந்தாது என்று காட்டிவிட்டார்கள். ஆனால் சர்க்கரை நோயாளியின் கால்விரலில் அதைச் சோதித்துப் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. சீழ்க்கட்டியில் மருந்து சரியாகப் பிடிக்காது. அழற்சியுள்ள சதை அமிலமாக இருப்பதால் மருந்து நரம்புக்குள் நுழைவதில்லை. கட்டிக்குள் ஏற்றாமல் சுற்றியுள்ள நல்ல தோலில் வேலி மாதிரி போடவேண்டும்.

தோலைத் துடைக்கும் மருந்தில் இரண்டு விபத்துகள் ஒளிந்திருக்கின்றன. குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கேட்புக்கு ஆபத்து. முகத்தில் போவிடோன் அயோடினே மேல். ஸ்பிரிட் கலந்த திரவம் தொப்புளிலோ துணிக்கு அடியிலோ தேங்கியிருக்க, மின்சாரத்தால் சுடும் கருவியை அழுத்தினால் நீலச் சுடர் எரியும், வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. உலரும்வரை காத்திருங்கள். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு அந்தக் கருவியே வேண்டாம்.

15ஆம் எண் பிளேடு தோலுக்குச் செங்குத்தாக இறங்கவேண்டும். கை தன்னையறியாமல் கட்டியின் பக்கம் சாயும். சாய்ந்தால் ஓரங்கள் பொருந்தாது. ஒரே இழுப்பில் தோலின் முழுத்தடிமனும் விலகி மஞ்சள் கொழுப்பு தெரியவேண்டும். நறுக்கி நறுக்கி இறங்கினால் ஓரம் படிக்கட்டாகிவிடும். முனைகளில் இரண்டு வெட்டுகளும் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. ரத்தம் வந்தால் காஸை வைத்து, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அழுத்துவது ஆகாது.

தையல் நூலில் (முன் எண் கூடக்கூட நூல் மெல்லியது) முகத்துக்கு 5-0 அல்லது 6-0, உடம்புக்கு 3-0 அல்லது 4-0. இழுவையை அடியில் போடும் கரையும் நூல் தாங்கவேண்டும். மேல்தையல் ஓரங்களைச் சேர்த்து நிறுத்துவதோடு சரி. ஊசி செங்குத்தாக இறங்கி, மேலே எடுத்த அகலத்தைவிட அடியில் அகலமாகச் சுற்றி வந்தால் ஓரங்கள் சற்றே வெளிப்புறம் பிதுங்கி நிற்கும். தழும்பு தட்டையாக ஆற அதுதான் வேண்டும். முடிச்சை இறுக்கித் தள்ளாதீர்கள். மறுநாள் வீக்கம் வரும், நூல் சதையை அறுக்கும், ஆறியபின் ஏணிப்படி போல் குறுக்குக் கோடுகள் நிற்கும். முகத்தில் ஐந்தாம் நாள், தலையில் ஏழிலிருந்து பத்து, உடம்பிலும் காலிலும் பத்திலிருந்து பதினான்கு நாளில் பிரிக்கலாம். பிரித்த அன்று காயம் ஆறிவிட்டதாக நோயாளி நினைக்கிறார். இரண்டு வாரத்தில் அதன் வலு பழைய தோலில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எத்தனை மாதம் போனாலும் எண்பது சதவீதத்தைத் தாண்டாது. முதுகில் தையல் பிரித்த மறுநாள் மூட்டை தூக்கினால் வாய் பிளந்துகொள்ளும்.

சிஸ்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். செபேசியஸ் சிஸ்ட் என்று எல்லாரும் சொல்லும் அதற்குள் எண்ணெய்ச் சுரப்பு இல்லை; பையின் உட்சுவர் உதிர்க்கும் கெரட்டின் என்ற தோல் புரதம்தான் அந்த நாற்றமடிக்கும் மாவு. ஆகவே பிதுக்கி எடுப்பதால் ஒன்றும் முடிவதில்லை. பை இருக்கும்வரை மாவு திரும்ப நிறையும். மேலே தெரியும் கருப்புத் துளையைச் சேர்த்து மெல்லிய நீள்வட்டமாக வெட்டி, வளைந்த கத்தரியின் முனையை மூடியபடி நுழைத்து, திறந்து, பையை ஒட்டியே சுற்றிலும் பிரித்துக்கொண்டு போகவேண்டும். கிழிந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். மாவை வழித்துவிட்டு, வெண்மையாகப் பளபளக்கும் சுவர்த் துண்டுகளைத் தேடி எடுத்து, சலைனால் கழுவுங்கள். சிவந்து வீங்கி வலிக்கும் நேரத்தில் இதைச் செய்யவே கூடாது. சுவர் சுற்றுச்சதையோடு ஒட்டிக் குழைந்திருக்கும், முழுதாக வராது. கீறிச் சீழை விட்டுவிட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

கால்நகத்தில் நகத்தின் ஓரக் கால்வாசியை மட்டும் வேரோடு உருவி, அந்த வேர்க்குழியில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட ஃபீனாலைப் பஞ்சு முனையால் மொத்தம் மூன்று நிமிடம் தேய்ப்பது நல்ல முறை. ஃபீனால் இல்லாமல் நகத்தை மட்டும் பிடுங்கினால் மறுபடி வளர்ந்து குத்தும். ரத்தம் கலந்தால் ஃபீனால் நீர்த்துவிடும், அதனால் விரலடியில் கட்டுப் போட்டு ரத்தத்தை நிறுத்தியே ஆகவேண்டும். சுற்றுத்தோலில் வாசலின் தடவுங்கள். அந்த விரல்கட்டோடு ஒரு ஃபோர்செப்ஸைத் தொங்கவிட்டால் அவிழ்க்க மறக்காது. மறந்து, மேலே பேண்டேஜ் சுற்றி அனுப்பினால் போவது நகமில்லை, விரல். நாலு வாரம் வரை நீர் கசியும், அது கிருமித்தொற்று அல்ல.

உறைய வைக்கும் சிகிச்சைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. நிறம் தரும் செல்கள் மைனஸ் 4 முதல் 7 டிகிரியிலேயே செத்துவிடும், மருவின் செல்களுக்கு அதைவிடக் குளிர் வேண்டும். கருநிறத் தோலில் மரு போய் வெள்ளைப் புள்ளி தங்கும், சில சமயம் நிரந்தரமாக.

பஞ்ச் பயாப்ஸிக்கு 4 மி.மீ. போதும். சுருக்கக் கோடுகளுக்குக் குறுக்காகத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுழற்றினால், விட்டதும் வட்டத்துளை நீள்வட்டமாகி ஒரே தையலில் மூடும். துண்டை ஃபோர்செப்ஸால் நசுக்காமல் ஊசிமுனையால் தூக்கி அடிக்கொழுப்பில் நறுக்குங்கள். நசுங்கிய திசுவில் நுண்ணோக்கிக்குத் தெரிவது குழம்பிய நீலக் கோடுகள்தான். கொப்புள நோய்க்கு இம்யூனோஃப்ளூரசன்ஸ் (ஒளிரும் சாயத்தால் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் சோதனை) பார்க்கும் துண்டை, திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டால் வேலை கெட்டது, அதற்குத் தனித் திரவம் உண்டு. மற்றவற்றுக்கு 10 சதவீத ஃபார்மலின், துண்டின் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு.

இங்கேதான் முதலில் சொன்ன மற்ற முனை, எடுத்த சதையைத் துரத்துவது, தொடங்குகிறது. எடுத்தது எதுவானாலும் பரிசோதனைக்குப் போகவேண்டும். பார்த்தாலே தெரிகிற பாலுண்ணியை வேண்டுமானால் விட்டுவிடலாம். பெயரைக் குப்பியின் உடலில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடிகள் கழன்று இடம் மாறும். நோயாளி மேசையிலிருந்து இறங்குமுன் எழுதி, அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் எடுத்தால் இரண்டு குப்பி. ஓரம் முக்கியம் என்றால் மேல்முனையில் ஒரு நூல் போட்டு ‘12 மணி’ என்று படிவத்தில் குறியுங்கள். அந்தப் படிவத்தில் ‘தோல் கட்டி’ என்று மட்டும் எழுதுவது நோயியல் மருத்துவரின் கண்ணைக் கட்டிவிட்டுப் பார்க்கச் சொல்வது. வயது, இடம், எத்தனை மாதம், என்ன மாற்றம், நாம் சந்தேகிப்பது என்ன என்று நாலு வரி வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது காயத்தை நனைக்காதே என்று பத்து நாள் மிரட்டுவது தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் குடும்ப மருத்துவர்களிடம் தையல் போட்ட 857 பேரை வைத்து 2006இல் வெளிவந்த ஆய்வில், 12 மணி நேரத்துக்குப் பின் வழக்கம்போல் குளித்தவர்களுக்கும் 48 மணி நேரம் நனைக்காமல் வைத்தவர்களுக்கும் கிருமித்தொற்றில் வித்தியாசம் வரவில்லை. முதல் நாள் கசிவு ரத்தக்கசிவு. மூன்றாம் நாளுக்குப் பின் கூடிக்கொண்டே போகும் வலியும் பரவும் சிவப்பும்தான் தொற்று. முன்கூட்டியே எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் எழுதுவதால் பயனில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும், கம்ப்யூட்டர் வேண்டும் என்பதில்லை. குப்பி போன தேதி, முடிவு வந்த தேதி, நோயாளியிடம் சொன்ன தேதி என்று மூன்று கட்டம். வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர், அவர் யார் என்று பெயர் குறித்து, அதைத் திறந்து பார்க்கவேண்டும். முடிவு வரவில்லை என்றால் நல்ல செய்தி என்று நோயாளியிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள்; வழியில் உடைந்த குப்பியும் அதே மௌனத்தைத்தான் தரும். முடிவில் புற்று என்று வந்தால், ஓரத்தில் செல்கள் மிச்சம் என்று வந்தால், அதே தழும்பை நாமே இரண்டாம் முறை திறப்பதில்லை. பழைய அறிக்கையோடும் வரைபடத்தோடும் சிறப்பு மருத்துவரிடம் போகவேண்டும். இரண்டு வாரமாகியும் நடுக் கட்டம் காலியாக இருந்தால் முதல் போன் ஆய்வகத்துக்கு.